உஷார்! கரண்டு போனால் அணையும் நெருப்பு

முன்பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் பர்ஸை உள்ளே வையுங்கள். கட்டியாகிவிட்டதென்றால் ரசீதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பணம் திரும்ப வருமா என்று முதலில் பாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காகத்தான் இந்தக் கூப்பாடு. இங்கே பல ஊர்களில் காஸ் குழாய் கிடையாது. மெய்னில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் இன்றைக்கும் எண்ணெய் பாய்லரில்தான் குளிர் காய்கின்றன. அக்டோபரில் மேப்பிள் இலை சிவக்கும். முதல் எண்ணெய் பில் வந்ததும் வீட்டுக்காரர் முகம் வெளுக்கும். அந்த நேரம் பார்த்து, கடை வாசலில் பெல்லெட் அடுப்புக்கு ஆஃபர் பலகை தொங்கும்.

போன வாரம் மெய்னிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். மதுரைக்காரன். முதல் வீடு, முதல் குளிர்காலம்.

"அண்ணே, சனிக்கிழமையோட ஆஃபர் முடியுதுண்ணே. ரெண்டாயிரம் சதுர அடிக்கு இந்த ஒரு அடுப்பே போதும்ங்கிறார். பாய்லரை அணைச்சே போட்டுடலாமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தைக் கேட்டுத் தலையாட்டி, கையெழுத்துப் போட்டவன் நான்.

"டேய், போட்டுடாதே. ஒரு ராத்திரி பொறு. நான் எழுதி அனுப்புறேன்" என்றேன். அனுப்பியதும், பிறகு நடந்ததும் சேர்ந்ததுதான் இது.

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் தீ ஆடும். பார்த்ததும் மனசு 'அடுப்பு' என்று முடிவு கட்டிவிடும். ஏமாறுவது அங்கேதான். அது அடுப்பு வேஷம் போட்ட எந்திரம். மேலே ஒரு தொட்டி. அதில் கோழித்தீவனம் போலக் குட்டிக் குட்டியாய், 6 மில்லிமீட்டர் பருமனில், அழுத்திச் செய்த மரத்தூள் குச்சிகள்; இவைதான் பெல்லெட். ரைஸ் மில்லில் நெல்லைத் தள்ளும் ஸ்க்ரூ போல ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இரும்புக் கிண்ணத்தில் கொட்டும். மின்கம்பி ஒன்று பழுத்துப் பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும். இன்னொரு விசிறி சூட்டை அறைக்குள் தள்ளும். இத்தனைக்கும் தலைவர் ஒரு மின்பலகை. சியாட்டில் பக்கம் போயிங் நிறுவனத்தில் இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் 1980-களின் தொடக்கத்தில் வீட்டுக்கென்று உருவாக்கியது. விமானக்காரர் செய்த அடுப்பு வேறு எப்படி இருக்கும்?

என் அம்மாவிடமும் ஒரு மரத்தூள் அடுப்பு இருந்தது. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து இறுக்கி, பாட்டிலைத் திருகி உருவிவிட்டு, கீழ் வாயில் ஒரு சுள்ளியைச் செருகிப் பற்றவைத்தால் மத்தியானச் சமையல் முடியும் வரை கணகணவென்று நிற்கும். அதற்குக் கரண்டு வேண்டியதில்லை. இதற்கு வேண்டும். பற்றவைக்கும் சில நிமிஷம் 300, 400 வாட். பிறகு நிற்காமல் ஓட 100 சொச்சம். கரண்டு போன மறுகணம் திருகு நிற்கும், விசிறிகள் நிற்கும், மின்பலகை கண் மூடும்.

"அமெரிக்காவில் ஏது கரண்டு கட்டு?" என்று ஊரில் மாமா கேட்பார். 1998 ஜனவரியில் பனிமழை பெய்து, ஒவ்வொரு கம்பியிலும் ஐஸ் கட்டி, மெய்னில் ஏறக்குறைய பாதி ஜனம் இருட்டில் கிடந்தது. எல்லைக்கு அப்பால் கியூபெக்கில் சில இடங்களில் ஒரு மாதம் வரை விளக்கு வரவில்லை. 2008 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின. சிலருக்குத் திரும்பி வர இரண்டு வாரம். கவனியுங்கள், கரண்டு போவது வெயில் காய்கிற ஜூன் மாதத்தில் அல்ல. அடுப்பு எந்த ராத்திரிக்காக வாங்கப்பட்டதோ அந்த ராத்திரியில்தான் போகிறது.

அணைந்துவிட்டால் போர்த்திக்கொண்டு படுக்கலாம். அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. விசிறி நின்றபோது கிண்ணத்தில் பாதி எரிந்த குச்சிகள் இருக்கும். அவை புகைந்துகொண்டே இருக்கும். புகைக்குழாய் சுவரைத் துளைத்துப் படுக்கை வாட்டில் வெளியே போகிறது என்றால், மேலே இழுக்க எதுவும் இல்லாமல் அந்தப் புகை திரும்பி அறைக்குள் வரும். கூடவே மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரலாம். கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்துவிட்டால் இன்னும் ஆபத்து: உள்ளே புகைவாயு நிரம்பி நிற்க, மின்கம்பி மறுபடி பழுக்க, 'டம்' என்று கண்ணாடி தெறித்த வீடுகள் உண்டு. அவசரப்பட்டுக் கையால் இன்னொரு பிடி குச்சியைக் கிண்ணத்தில் போட்டுப் பற்றவைக்கிறவர்களுக்கும் இதே கதிதான். அணைந்த கிண்ணத்தை ஆறவிட்டு, துடைத்து, காலி செய்த பிறகுதான் மறுபடி பொத்தானைத் தொட வேண்டும்.

அதனால் கடைக்காரரிடம் முதல் கேள்வி விலை அல்ல. "கரண்டு போனால் இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். ஒரு நொடி தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். புகைக்குழாய் வெளியே போனதும் சில அடியாவது நிமிர்ந்து மேலே ஏறட்டும்; விசிறி நின்றாலும் சூடு தானாகக் கொஞ்சம் இழுக்கும். இன்வெர்ட்டர் வைக்கலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், ப்யூர் சைன் வேவ்தான் வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணக்கு: ஊரில் வைக்கும் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இதை ஆறேழு மணி நேரம் ஓட்டும். ஒரு ராத்திரியே முழுசாகத் தாண்டாது. ஜெனரேட்டர் என்றால் வீட்டுக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி. கேரேஜில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் விடிந்து எழுந்திருக்கவில்லை.

கரண்டே தேவைப்படாமல் குச்சி தானாகச் சரிந்து விழும் அடுப்புகளும் இருக்கின்றன. கடைக்காரர் அதைக் காட்ட மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி என் கதை. என் அடுப்பு கெட்டுப்போனதால் வந்த வினை இல்லை. அது அருமையாக எரிந்ததால் வந்தது.

ஹாலில் வைத்தோம். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் 24 டிகிரி செல்சியஸ். உள்ளே ஹாலில் 22. பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள். எனக்கோ எண்ணெய் மிச்சமாகிற பூரிப்பு. பாய்லரின் தெர்மோஸ்டாட்டும் அதே ஹால் சுவரில்தான் இருந்தது. அது பாவம், ஹால் சூடாயிருக்கிறது, நமக்கு வேலையில்லை என்று தூங்கிவிட்டது. பாய்லர் ராத்திரி முழுக்க ஓடவில்லை. வடக்குச் சுவரோரக் குளியலறைக் குழாய்க்கு ஹாலில் 22 டிகிரி இருந்தால் என்ன, 32 இருந்தால் என்ன? உறைந்து வெடித்திருக்கிறது. காலையில் ஐஸ் இளகியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேஸ்மென்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகப் பெட்டிகள் மிதந்தன.

இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். முதல் கேள்வி குழாயைப் பற்றி இல்லை. "அடுப்புக்கு டவுன் பெர்மிட் இருக்கிறதா?" பொருத்த வந்தவர் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று சொல்லியிருந்தார். நானும் ஒரு போன் போட்டு விசாரிக்காமல் நம்பியிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பாய்லரை அணைத்துப் போடுவது என்ற பேச்சே வேண்டாம். பெல்லெட் அடுப்பு ஓர் அறையைச் சூடாக்கும் சாமான். அதன் சூடு மூலை திரும்பாது, மூடிய கதவைத் தட்டாது. தெர்மோஸ்டாட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்; அல்லது ஹாலில் என்ன வெப்பம் இருந்தாலும் சில மணிக்கு ஒரு தரம் பாய்லர் தண்ணீர் சுற்றி வரும்படி வையுங்கள். கடுங்குளிர் ராத்திரியில் வெளிச்சுவர்ப் பக்கத்துக் குழாயைச் சொட்டவிடுங்கள்.

அந்த 'ரெண்டாயிரம் சதுர அடி' எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துவிடுவோம். அட்டையில் மணிக்கு 45,000 பி.டி.யூ. சூடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பல அட்டைகளில் அது உள்ளே எரியும் எரிபொருளின் கணக்கு. அறைக்கு வந்து சேரும் சூட்டின் கணக்கு அல்ல. அதுவும் முழு வேகத்தில் ஓடினால். ஒரு பவுண்ட் குச்சியில் ஏறக்குறைய 8,200 பி.டி.யூ. அப்படியானால் 45,000-க்கு மணிக்கு ஐந்தரை பவுண்ட், ஒரு நாளைக்கு 130 பவுண்டுக்கு மேல். மூட்டை 40 பவுண்ட், நம் கணக்கில் 18 கிலோ. தினம் மூன்று மூட்டைக்கு மேல் பேஸ்மென்டிலிருந்து தூக்கி வந்து கொட்டப் போவது யார்? கடைக்காரரா?

"நாளுக்கு ஒரு மூட்டைதான் சார் ஆகும்" என்பதும் அதே வாயிலிருந்துதான் வரும். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஒரு மூட்டையை 24 மணி நேரம் எரித்தால் அறைக்குக் கிடைப்பது மணிக்குச் சுமார் 10,500 பி.டி.யூ. அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், 20, 30 டாலருக்கு விற்கிறார்களே 1,500 வாட் மின்சார ஹீட்டர், அதில் இரண்டு. அவ்வளவுதான். இதைத் தம்பியிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அதற்காக ஆகப் பெரிய அடுப்பாக வாங்கிவிடாதீர்கள். பெரியதை எப்போதும் சிம்மில் ஓட்டினால் கரி பிடித்துக் கண்ணாடி கறுக்கும், கிண்ணத்துத் துளைகள் அடைக்கும்.

குச்சிக்கு வருவோம். 50 மூட்டை ஒரு டன். அமெரிக்க டன், 907 கிலோ. ஒரு குளிர்காலத்துக்கு மூன்று டன் ஆகிறது என்று வையுங்கள். மூட்டை மேல் 'பிரீமியம்' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பெல்லெட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் தர முத்திரை இருந்தால்தான் அந்த வார்த்தைக்கு எடை: சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள். 1 சதவீதம் என்றால் மூன்று டன்னுக்கு 27 கிலோ சாம்பல், 2 சதவீதமானால் 54. சாம்பலோடு மண்ணும் பட்டையும் சேர்ந்தால் கிண்ணத்தில் உருகி, வெல்லப்பாகு இறுகியது போலக் கட்டி தட்டும். காற்றுத் துளை அடைந்து, தீ சோம்பி, புகை கிளம்பும். மூட்டையின் அடியைத் தடவிப் பாருங்கள். தூளாக இருந்தால் வேண்டாம். மழையில் நனைந்து கிடந்த அடுக்கில் எடுக்காதீர்கள். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் குச்சி உப்பி மறுபடி மரத்தூளாகிவிடும். பைன், ஃபர் போன்ற மென்மரக் குச்சி கரி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்வார். அது பச்சை விறகுக் காலத்துப் பேச்சு. காய்ந்து இறுகிய குச்சியில் மென்மரம்தான் பெரும்பாலும் சாம்பல் குறைவு, சூடு கூடுதல்.

லாபக் கணக்குக்கு ஒரே வரி: ஒரு டன் குச்சியின் சக்தி கிட்டத்தட்ட 120 காலன் எண்ணெய்க்குச் சமம். டன் விலையை 120-ஆல் வகுங்கள். எண்ணெய் காலன் விலை அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. விலையும் நிற்காது. 2014-15 குளிர்காலத்தில் இந்தப் பக்கம் குச்சிக்குத் தட்டுப்பாடு வந்து, ஆளுக்கு இத்தனை மூட்டைதான் என்று அளந்து கொடுத்த கடைகள் உண்டு. ஐரோப்பாவில் 2022-இல் ரஷ்ய, பெலாரூஸ் மரத்துக்குத் தடை விழுந்ததும், இத்தாலியிலும் ஜெர்மனியிலும் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. பாதி விலைக்குத் தருகிறோம் என்று முளைத்த போலி ஆன்லைன் கடைகளில் முன்பணம் கட்டி ஏமாந்தவர்களும் அந்த வருஷத்து அறுவடைதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எரியாத குச்சியே விஷவாயு விடும். மரத்தில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகக் கசியும். ஸ்வீடனில் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், 2006 நவம்பரில், குச்சி ஏற்றி வந்த கப்பலின் சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் செத்துப்போனார். தீயே இல்லாத இடம் அது. 2010-இல் ஜெர்மனியிலும் 2011-இல் சுவிட்சர்லாந்திலும் குடியிருப்புகளின் குச்சிக் கிடங்குக்குள் போனவர்கள் திரும்பவில்லை. கேரேஜில் அடுக்கிய ஐம்பது மூட்டைக்கு இவ்வளவு பயம் வேண்டாம், காற்றோட்டம் இருந்தால் போதும். டன் கணக்கில் லாரியில் கொண்டுவந்து கொட்டும் மூடிய தொட்டி அறை வைக்கச் சொன்னால் மட்டும் உஷார். அதற்குள் தலையை நீட்டி 'எவ்வளவு இருக்கு' என்று பார்க்கிற வேலையே கூடாது.

பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். 'மூணு சீசன்தான் ஓடியது' என்று படம் போட்டு விற்பார்கள். 1988-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மர அடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தபோது, எரிபொருளைப்போல 35 மடங்குக்கு மேல் காற்று இழுக்கும் அடுப்புக்கு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கில் நுழைவதற்காகவே தேவையில்லாத காற்றையெல்லாம் இழுக்கும்படி செய்த பெல்லெட் அடுப்புகள் உண்டு. இழுத்த காற்றைச் சூடாக்குவதும் உங்கள் காசுதான், அதைக் குழாய் வழியே தெருவுக்கு அனுப்புவதும் உங்கள் காசுதான். 2015-இல் விதி மாறி, 2020 மே 15 முதல் புது அடுப்புக்கு மணிக்கு 2 கிராம் புகைத்துகள்தான் வரம்பு. பழைய அட்டையில் '78 சதவீதத் திறன்' என்று பார்த்தால் மயங்காதீர்கள். பல சமயம் அது யாரும் அளந்து சொன்னதல்ல. பெல்லெட் அடுப்பு என்றால் இவ்வளவு என்று பொதுவாகப் போட்டுக்கொள்ள அனுமதித்திருந்த எண். நீங்கள் பார்க்கும் மாடலின் சோதனைச் சான்று அந்த முகமையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

வரிச்சலுகை பேசுகிற கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே விடைபெறலாம். 30 சதவீதம், 2,000 டாலர் வரை என்று இருந்த மத்திய அரசுச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தி முடித்தவற்றோடு தீர்ந்தது.

பொருத்தும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். குழாய் பெல்லெட் அடுப்புக்கென்றே செய்த இரட்டைச் சுவர்க் குழாயாக இருக்க வேண்டும். துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடும் அலுமினியக் குழாயை மாட்டிவிட்டுப் போன ஆட்களும் உண்டு. குழாய் வாய் ஜன்னலுக்கு 4 அடிக்குள் வரக்கூடாது என்று பல கையேடுகள் சொல்லும். அதோடு, உங்கள் வீட்டோரம் பனி எவ்வளவு உயரம் குவியும் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதற்கும் மேலே வைக்கச் சொல்லுங்கள். பனி மூடிய குழாய், வாயைப் பொத்திய மாதிரி. வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக் குழாயையும் விடாதீர்கள். வீட்டில் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைப் பக்கமும், கார்பன் மோனாக்சைடு அலாரம். இந்த ஒன்றில் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாகச் சாம்பல். சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தப் பை பற்றிக்கொண்ட வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மூடி போட்ட இரும்பு வாளி, வீட்டுக்கு வெளியே, மரத் தரையில் இல்லாமல். செத்துவிட்டது என்று நினைத்த கங்கு நாலு நாள் கழித்தும் கண் திறக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டுத் தம்பி மறுபடி கூப்பிட்டான். "அப்ப வாங்கவே வேண்டாம்ங்கிறீங்களாண்ணே?"

"அப்படிச் சொல்லலடா. என் வீட்டுல இன்னும் இருக்கு, இப்பவும் எரியுது. சனிக்கிழமைக்குள்ள வாங்காதேங்கிறேன். ஏப்ரல்ல போ, விலையும் இறங்கியிருக்கும், பொருத்துற ஆளுக்கும் நேரம் இருக்கும். அதுக்கு முந்தி ஒரு சோதனை பண்ணு."

சோதனை இதுதான். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போகிற ஒரு சாயங்காலம், அதிகக் குளிரில் வேண்டாம், பாய்லரை 10 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். அடுப்பு வைக்க நினைக்கும் ஹாலில் 1,500 வாட் ஹீட்டர் இரண்டு. இரண்டையும் தனித்தனி லைனில், நேரடியாகச் சுவர்ப் பிளக்கில். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை, விழித்திருந்து, பக்கத்திலேயே இருந்து. பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டு, ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நாளுக்கு ஒரு மூட்டை எரித்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஏறக்குறைய இதுதான்.

நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு இரண்டு படம் வந்தது. ஹாலில் 19. பின்பக்கக் குளியலறையில், வாஷ்பேசினுக்குக் கீழே, குழாயை ஒட்டி வைத்த வெப்பமானியில் 6. கீழே ஒரு வரி: "அண்ணே, வெளியே இன்னும் மைனஸ் 3 தான்."